பழைய மோட்டார்ஹோம்ல பின்னாடி ஜோடி டயர் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்கணும், அத எப்படி அளக்குறது

நீங்க கேட்டது இதுதான்: பழைய மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கிக்கிற வீட்டு வண்டி) வாங்கியிருக்கீங்க, பின் ஆக்சில்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர், முன்னாடி வச்சிருந்தவர் கொஞ்சம் பெரிய சைஸ் போட்டுட்டார்னு சந்தேகம், ரெண்டு டயருக்கும் நடுவுல விரல் நுழையுது ஆனாலும் நெருக்கமா தெரியுது, அப்படியே ஓட்டலாமா.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், விரல் நுழையுதுங்கறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பெரும்பாலும் எல்லாரும் நின்னுக்கிட்டே கைய விட்டு டயரோட மேல்பக்கத்ததான் தொட்டு பாப்பாங்க, அங்க எப்பவுமே இடைவெளி நல்லாதான் இருக்கும், ஏன்னா அங்க டயர் மேல எந்த பாரமும் இல்ல. அதே டயர் தரைய தொடுற இடத்துல வண்டியோட மொத்த பாரமும் அழுத்தி சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், ரெண்டு பக்கமும் புடைச்சு நிக்கும், உரசல் ஆரம்பிக்கறது அங்கதான், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துல. அதனால குனிஞ்சு, முடிஞ்சா தரையில படுத்து, கீழ பாக்காம இந்த விஷயத்துல யாரும் ஓகே சொல்ல முடியாது.

இதுல ரெண்டு எண் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காம இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு உங்க ரிம் தர்ற தூரம், அதாவது உள் டயரோட நடுக்கோட்டுல இருந்து வெளி டயரோட நடுக்கோடு வரைக்கும், இதத்தான் டூயல் ஸ்பேசிங்னு சொல்றது. இது ரிம்மோட அமைப்ப பொறுத்தது, டயர மாத்தினாலும் மாறாது. இன்னொண்ணு அந்த டயர் கேக்குற தூரம், ஒவ்வொரு டயர் கம்பெனியும் தன்னோட டேட்டா புக்ல ஒவ்வொரு சைசுக்கும் மினிமம் டூயல் ஸ்பேசிங்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. ரிம் தர்றது டயர் கேக்குறத விட கூடவோ சமமாவோ இருக்கணும், கம்மியா இருந்தா அந்த டயர் அந்த ரிம்முக்கு ஆகாது. நடுவுல தெரியுற காலி இடம், நீங்க விரல் விட்டு பாத்தது, அது மூணாவது விஷயம், அத தனியா அளக்கணும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

ரிம் தர்ற தூரத்த வண்டியில மாட்டியிருக்கும்போதே அளக்கலாம். ரெண்டு டயரோட நடுவையும் கண்டுபிடிச்சு டேப் வைக்கணும்னு நெறைய பேர் கஷ்டப்படுவாங்க, அவ்ளோ தேவையில்ல. ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே சைஸ் டயரா இருந்தா, உள் டயரோட வெளிப்பக்க ட்ரெட் (ரோட்ட தொடுற பகுதி) விளிம்புல இருந்து வெளி டயரோட வெளிப்பக்க ட்ரெட் விளிம்பு வரைக்கும் அளந்தா போதும், நடுவுல இருந்து நடு வரைக்கும் என்ன வருமோ அதேதான் இங்கயும் வரும். ட்ரெட் நடுவுல பள்ளம் ஓடுற டயரா இருந்தா இன்னும் சுலபம், பள்ளத்துல இருந்து பள்ளம். டயருக்கு பின்னாடி போய், ஆக்சில் உயரத்துக்கு, மட்டப்பலகையோ நேரான இரும்பு ஸ்கேலோ ரெண்டு டயருக்கும் குறுக்க வச்சு அளங்க, டேப்ப தொங்க விட்டு சாய்வா அளந்தா ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் ஏமாத்திடும். ஒரு தடவ அளந்துட்டு வண்டிய கால் சுத்து உருட்டி திரும்ப அளங்க, இப்படி மூணு நாலு இடம். பழைய ரிம் கொஞ்சம் வளைஞ்சிருந்தா எண் இடத்துக்கு இடம் மாறும், வர்றதுல குறைஞ்சதுதான் உங்க எண். ரெண்டு டயரும் வேற வேற கம்பெனியா இருந்தா ட்ரெட்ட நம்பாதீங்க, ரிம்முக்கு போயிடுங்க.

வீல கழட்டி பாக்குற வாய்ப்பு கிடைச்சா அத விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஜோடி வீல்ல உள் வீலும் வெளி வீலும் ஒண்ணுக்கு ஒண்ணு திருப்பி மாட்டினது, டிஸ்க்கோட (ரிம்முக்கு நடுவுல நட்டு ஓட்டை இருக்குற தட்டு) முகமும் முகமும் ஒட்டி நிக்கும். அந்த ஒட்டுற முகத்த கீழ வச்சு காலி ரிம்ம சமமான தரையில படுக்க போடுங்க. குழிஞ்ச டிஸ்க்குங்கறதால ரிம்மோட கீழ் விளிம்பு தரைய தொடாம கொஞ்சம் மேல நிக்கும். தரையில இருந்து கீழ் விளிம்பு எவ்ளோன்னு அளங்க, தரையில இருந்து மேல் விளிம்பு எவ்ளோன்னு அளங்க, ரெண்டையும் கூட்டுங்க. அந்த கூட்டுத்தொகைதான் டூயல் ஸ்பேசிங். கீழ 38 மி.மீ., மேல 216 மி.மீ.னு வந்தா மொத்தம் 254, சரியா 10 இஞ்ச். ஏன் அப்படின்னா அந்த கூட்டுத்தொகையோட பாதிதான் ரிம்மோட நடுக்கோடு தரையில இருந்து இருக்குற உயரம், அதே மாதிரி இன்னொரு ரிம் தரைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி பிம்பம் மாதிரி நிக்குதுன்னு நெனச்சுக்குங்க, அந்த ரெண்டு பாதியும் சேந்தா முழுசு. டயர் மாட்டி காத்து அடிச்ச வீலையும் இதே மாதிரி படுக்க வைக்கலாம், சைடுவாலோட புடைப்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்குற சந்த அளந்து ரெண்டால பெருக்கினா பாரம் இல்லாதப்ப ரெண்டு டயருக்கும் நடுவுல இருக்கப் போற இடைவெளி வந்துடும். சைடுவால் தரைய தொட்டுடுச்சுன்னா அதுக்கு மேல கணக்கே வேணாம், அந்த டயர் ஜோடியில முட்டும். டிஸ்க் முகம் மட்டும்தான் தரையில உக்காரணும், வால்வு, துருப்பிடிச்ச கட்டி எதுவும் கீழ மாட்டியிருக்கக் கூடாது, அத மட்டும் பாத்துக்குங்க.

பழைய வண்டின்னு சொன்னீங்க இல்லையா, அதனால பின்னாடி இருக்குற நாலு ரிம்மையும் தனித்தனியா பாருங்க. இருபது முப்பது வருஷத்துல எத்தனையோ பேர் கை மாறியிருக்கும், ஒரு ரிம் விரிசல் விட்டு பழைய சாமான் யார்டுல இருந்து ஓட்டை பொருந்துற வேற ஒண்ண போட்டிருப்பாங்க. நட்டு ஓட்டை பொருந்தும், உள்ள உக்காரும், ஆனா டிஸ்க்கோட ஆழம் வேற. ரிம்ல அடிச்சிருக்குற சைஸ், பார்ட் நம்பர் எல்லாம் வயர் பிரஷ் போட்டு தேச்சு படிங்க. இடது பக்கம் ஒரு எண்ணும் வலது பக்கம் ஒரு எண்ணும் வர்ற வண்டிய நானே பாத்திருக்கேன்.

இப்ப டயர் கேக்குற எண். மோட்டார்ஹோம்ல ரொம்ப பரவலா ஓடுற 225/70ஆர்19.5 சைசுக்கு மினிமம் டூயல் ஸ்பேசிங் ஏறக்குறைய 10 இஞ்ச், 254 மி.மீ. பெரிய வண்டில வர்ற 11ஆர்22.5-க்கு 12.5 இஞ்ச் பக்கம். கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதனால உங்க டயர் மேல என்ன பேர் என்ன மாடல் எழுதியிருக்கோ அந்த கம்பெனியோட புக்ல பாருங்க. சைஸ் எண்ண மட்டும் வச்சு கூட ஒரு கணக்கு போடலாம், 225-ங்கறது மி.மீ.ல டயரோட அகலம், ஆனா அது ட்ரெட்டோட அகலம் இல்ல, சைடுவால் புடைப்பையும் சேத்த அகலம், அதுவும் கம்பெனி அளக்குறதுக்குன்னு வச்சிருக்குற ரிம்ல, காத்து அடிச்சு, பாரம் இல்லாம.

இந்த அளக்குற ரிம்ங்கற விஷயம் முக்கியம், நெறைய பேர் கவனிக்கறதில்ல. அதே டயர அகலமான ரிம்ல போட்டா டயர் விரியும், ஒடுக்கமான ரிம்ல போட்டா சுருங்கும், ரிம் அகலத்துல அர இஞ்ச் மாறினா டயர் அகலம் 5 மி.மீ. சுமாருக்கு மாறும். 225/70ஆர்19.5-ஓட அளக்குற ரிம் 6.75 இஞ்ச், அதுல டயர் அகலம் 226 மி.மீ. வரும். பழைய மோட்டார்ஹோம்ல இருக்குற 6.00 இஞ்ச் ரிம்ல அதே டயர் 218 பக்கம் சுருங்கிடும். அதனால 254 ஸ்பேசிங் உள்ள 6.00 ரிம்ல உங்களுக்கு மேல்பக்கம் 36 மி.மீ. வரைக்கும் காலி இடம் கிடைக்கும், நல்லா வசதியான இடைவெளி.

இப்ப இதே ரிம்ல, பாரம் கூட தாங்கட்டும்னு நெனச்சு 245/70ஆர்19.5 போட்டவங்க உண்டு, உங்க வண்டிலயும் அதுதான் நடந்திருக்குமோன்னு எனக்கு பயமா இருக்கு. 245-ஓட அகலம் 248 மி.மீ., அதுக்கு 7.50 ரிம், குறைஞ்சது 6.75 ரிம் வேணும், 6.00 ரிம்ல அத மாட்டவே கூடாது. அகலமான ரிம் கிடைச்சு, அதோட ஸ்பேசிங் பழையபடி 254-ஏ இருந்துச்சுன்னா 254-ல 248 போனா மிச்சம் 6 மி.மீ. பாரமே இல்லாதப்ப 6 மி.மீ.ன்னா கீழ ரெண்டு டயரும் ஒண்ணோட ஒண்ணு அழுத்திக்கிட்டுதான் ஓடும். அந்த சைஸ் கேக்குற ஸ்பேசிங்கே 10.5 இஞ்சுக்கு மேல. பழசுல 8ஆர்19.5 இருந்த வண்டில 225 போடுறது கூட ஒரு படி அகலமாகறதுதான், பெரும்பாலும் ஒத்து வரும், ஆனா "பெரும்பாலும்"ங்கறது அளந்து பாத்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை.

சரி, கீழ அளக்குறது. வண்டிய சமமான கெட்டித் தரையில நிறுத்துங்க, கைப்பிரேக் போட்டு முன் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க, ஜாக்கி போட வேண்டாம், பாரம் டயர் மேலயே இருக்கணும். வெறும் வண்டியில அளந்து பிரயோஜனமில்ல, நீங்க எப்படி பயணம் போவீங்களோ அப்படி தண்ணி டேங்க் நிறைச்சு, டீசலோ பெட்ரோலோ நிறைச்சு, சாமான் எல்லாம் ஏத்தி, டயர் ஆறியிருக்கும்போது காத்து சரியா வச்சு அப்புறம் அளங்க. தண்ணி டேங்க் பின் ஆக்சிலுக்கு பின்னாடி இருக்குற வண்டின்னா அந்த ஒரு டேங்க்கே பெரிய வித்தியாசம் காட்டும்.

அளக்க நான் வச்சிருக்குறது பிவிசி பைப். வெளி விட்டம் 20, 25, 32 மி.மீ. உள்ள மூணு பைப் துண்டு, ஒவ்வொண்ணும் ஒரு மீட்டருக்கு மேல நீளம். வண்டிக்கு பின்னாடி படுத்து, ரெண்டு டயருக்கு நடுவுல, தரைக்கு கொஞ்சம் மேல சைடுவால் அதிகமா புடைச்சிருக்குற உயரத்துக்கு, பைப்ப படுக்கவசமா நேரா உள்ள தள்ளணும், முன்பக்கம் வெளிய வர்ற வரைக்கும். முதல்ல லேசா போகும், ஆக்சிலுக்கு நேர் கீழ வரும்போதுதான் இறுகும், அந்த இடம்தான் உண்மையான இடைவெளி. எந்த பைப் வரைக்கும் தடையில்லாம போகுது, எது பிடிக்குதுன்னு பாருங்க. 225 மாதிரி சைசுக்கு 20 மி.மீ. பைப் தொடாம போயிட்டு வரணும்னு நான் வச்சிருக்கேன், அது போகலன்னா நான் அந்த வண்டிய ரோட்டுக்கு எடுக்க மாட்டேன், இது என் கை அனுபவத்துல வச்ச கணக்கு, டயர் கம்பெனியோட ஸ்பேசிங் எண்ணுக்கு மாத்து இல்ல, அதோட கூட செய்யிற சோதனை. என் வண்டில மேல 34, பாரத்தோட கீழ 24 வருது.

அதே சோதனையில இன்னொரு படி இருக்கு, நேரம் இருந்தா கண்டிப்பா செய்ங்க. வண்டி நின்ன இடத்துலயே உள் டயர்ல காத்த அஞ்சுல ஒரு பங்கு இறக்குங்க, 80 பிஎஸ்ஐ இருந்தா 64-க்கு, இறக்கிட்டு பைப்ப திரும்ப விட்டு பாருங்க. ஓட்டத்துல மெதுவா காத்து இறங்குற டயர் எப்படி நடந்துக்கும்னு அப்ப தெரியும். 20% கம்மின்னா அத காத்து இல்லாம ஓடின டயராத்தான் டயர்காரங்க எடுத்துக்கிறாங்க. அந்த நிலையிலயும் ரெண்டும் தொடலன்னா உங்க இடைவெளி நல்ல இடைவெளி. பாத்து முடிச்ச கையோட காத்த பழையபடி ஏத்திடுங்க. நின்ன வண்டில நாமளே இறக்கி ஏத்துறது வேற, ரோட்டுல காத்து கம்மியா ஓடி வந்த டயர் வேற, அப்படி வந்தத அங்கேயே காத்தடிச்சு தேத்த பாக்காதீங்க, உள்ள இரும்புக் கம்பி ஒடிஞ்சு போயிருந்தா காத்தடிக்கும்போதே சைடுவால் கிழிஞ்சு வெடிக்கும், ஆளக் கொல்ற அளவுக்கு. வால்வ கழட்டி மொத்தமா இறக்கிட்டு, வீல வெளிய எடுத்து, தெரிஞ்சவங்க கிட்ட உள்ள பாக்க சொல்லணும்.

இடைவெளி இவ்ளோ ஏன் முக்கியம்னு என் கதை ஒண்ணு சொல்றேன். என் முதல் மோட்டார்ஹோம் வாங்கினப்ப டயர் எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு, ட்ரெட் ஆழம் நல்லா இருந்துச்சு, நானும் சந்தோஷப்பட்டேன். முதல் நீண்ட பயணத்துல மலை ஏறி இறங்கின அன்னிக்கு சாயங்காலம் பின்னாடி ரப்பர் தீஞ்ச மாதிரி லேசா ஒரு வாடை, பிரேக்கா இருக்கும்னு நெனச்சேன். மறுநாள் வெளி வீல கழட்டினப்பதான் தெரிஞ்சுது. உள் டயரோட வெளிப்பக்க சைடுவால்ல சுத்தி வட்டமா, மூணு விரல் அகலத்துக்கு, மெழுகு தேச்ச மாதிரி பளபளன்னு ஒரு பட்டை, அங்க இருந்த எழுத்துல பாதி அழிஞ்சு கம்பெனி பேரே படிக்க முடியல, ரிம் ஓரத்துல விளக்குக் கரி மாதிரி மிருதுவான கறுப்பு பொடி ஒட்டியிருந்துச்சு, விரலால தொட்டா வழுக்குது. வெளி டயரோட உள்பக்கமும் அதே பட்டை, ஒரு இடத்துல ரப்பர் தேஞ்சு நூல் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. முன்னாடி வச்சிருந்தவருக்கு டயர் போட்டு குடுத்த கடை ஒரு சைஸ் அகலமா போட்டிருக்காங்க, ஸ்பேசிங் யாரும் அளக்கல. அன்னிக்கு அது வெடிச்சிருந்தா பக்கத்து டயர் மேல மொத்த பாரமும் விழுந்து அதுவும் போயிருக்கும், உள்ள குழந்தைங்க தூங்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் நான் இதுக்கு நேரம் ஒதுக்கி பதில் சொல்றேன்.

அதனால நீங்களும் டார்ச் அடிச்சு ரெண்டு டயருக்கு நடுவுல பாருங்க, பளபளப்பு பட்டை, அழிஞ்ச எழுத்து, கறுப்பு பொடி, இதுல எது இருந்தாலும் அளவு என்ன சொன்னாலும் அந்த டயர் ஏற்கனவே உரசிட்டு இருக்குன்னு அர்த்தம். உரசினா சூடு, சூடுன்னா சைடுவால் பலம் போகும், சைடுவால்தான் டயர்லயே மெல்லிசான பகுதி. நடுவுல காத்து ஓடினாதான் உள் டயர் ஆறும், ஏற்கனவே அது பிரேக் டிரம்முக்கு பக்கத்துல சூட்டுல இருக்குறது. கல்லு மாட்டியிருக்கான்னும் பாருங்க, இடைவெளி நெருக்கமா இருந்தா சின்ன கல்லு கூட பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் அறுக்கும். பட்டை விழுந்த டயர திருப்பி போட்டு ஓட்டலாமான்னு கேக்காதீங்க, மாத்திடுங்க.

டயர் வயசையும் அப்பவே பாத்துடலாம், சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண், 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். மூணு எண் மட்டும்தான் இருக்குன்னா அது 2000-க்கு முந்தின டயர், மத்த எதையும் அளக்கவே வேணாம்.

விட்டமும் ஒரே மாதிரி இருக்கணும், இது இடைவெளியோட சேந்த விஷயம்தான். ஜோடியில ரெண்டும் ஒரே ஆக்சில், ஒரே சுத்து, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா பெருசு பாரத்த அதிகமா தூக்கும், அதோட புடைப்பும் கூடும், சிறுசு ரோட்டுல இழுபட்டு தேயும். இந்த சைஸ் டயர்ங்களுக்கு விட்டத்துல 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் கூடாது, சுத்தளவுல பாத்தா 19 மி.மீ. சுமாரு. ஆறின டயர்ல ஒரே அளவு காத்து வச்சு, வீல தூக்கி, ட்ரெட் மேல டேப் சுத்தி அளங்க. சின்ன வித்தியாசம் இருந்தே ஆகணும்னா பெரிசு வெளிய, சிறுசு உள்ள, ரோடு நடுவுல மேடா இருக்கறதால உள் டயர் மேல எப்பவும் கொஞ்சம் பாரம் கூட விழும்.

டயர் மேல ரெண்டு பாரம் எழுதியிருக்கும், சிங்கிள்னு ஒண்ணு டூயல்னு ஒண்ணு. 225/70ஆர்19.5-ல ஜி லோட் ரேஞ்ச்னா, அதாவது பாரம் தாங்குற வகை ஜின்னா, 110 பிஎஸ்ஐல சிங்கிள் 1800 கிலோ, டூயல் 1700 கிலோ. பின்னாடிக்கு டூயல் எண்ணதான் எடுக்கணும். சிலர் இடைவெளி பத்தலன்னா காத்த உச்சத்துக்கு ஏத்தி சைடுவால நிமித்த பாப்பாங்க, அது தீர்வில்ல, ரிம் தாங்குற அழுத்தம்னு ஒண்ணு தனியா இருக்கு, பழைய ரிம்ல அது டயரோடத விட கம்மியா இருக்கலாம். வண்டிய பயணத்துக்கு ஏத்தி எடைமேடையில ஆக்சில் ஆக்சிலா, முடிஞ்சா பக்கம் பக்கமா எடை போட்டு கம்பெனி டேபிள்படி காத்து வைங்க.

உங்க வண்டி 70-கள் 80-கள்ல வந்த அமெரிக்க வண்டின்னா இன்னொரு எச்சரிக்கை, ரிம்ல 16.5-ன்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. அந்த காலத்துல 16.5 இஞ்ச் ரிம் நெறைய வந்துச்சு, இப்ப அதுக்கு டயர் கிடைக்கறது கஷ்டம், அதனால 16 இஞ்ச் டயர அதுல ஏத்திடலாமான்னு தோணும். ஏத்தவே ஏத்தாதீங்க. 16.5 ரிம்ல டயர் உக்கார்ற சரிவு 15 டிகிரி, 16-ல 5 டிகிரி, 16 டயர் அதுக்குள்ள நுழைஞ்சிடும் ஆனா உக்காராது, காத்தடிக்கும்போது வெடிச்சு உயிர் போயிருக்கு. 16 இஞ்ச் ரிம்முக்கே மாத்துறதுதான் வழி, மாத்தும்போது புது ரிம்மோட டிஸ்க் ஆழம் என்னன்னு நான் மேல சொன்ன மாதிரி தரையில படுக்க போட்டு பாத்துட்டு வாங்குங்க, ஓட்டை பொருந்துதுன்னு மட்டும் பாத்து வாங்கினவங்கதான் திரும்ப இந்த இடைவெளி பிரச்சனையில வந்து நிக்கறது.

அளந்து பாத்து இடைவெளி பத்தலன்னா என்ன பண்றது. ரிம் நல்லா இருந்தா வண்டிக்கு கம்பெனி முதல்ல குடுத்த சைசுக்கே டயர திருப்புங்க, பாரம் தாங்குற எண் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு. கதவு பக்கத்துலயோ டிரைவர் சீட் பக்கத்துலயோ ஒட்டியிருக்குற பிளேட்ல அந்த சைஸ் இருக்கும். பெரிய டயர்தான் வேணும்னா டிஸ்க் ஆழம் கூடின ரிம் வாங்கணும், ஆழம் 10 மி.மீ. கூடினா ஸ்பேசிங் 20 கூடும், ஆனா உள் டயர் 10 மி.மீ. உள்ள போகும், வெளி டயர் 10 மி.மீ. வெளிய வரும். உள்ள போன டயர் ஸ்பிரிங் பட்டையிலயோ ஷாக் அப்சார்பர்லயோ பிரேக் பைப்லயோ தட்டுதா, வெளிய வந்தது பாடி வளைவுல தட்டுதா, வண்டி ஒரு பக்கமா சாயும்போதும் பாக்கணும். அலுமினிய ரிம்முக்கு போறீங்கன்னா டிஸ்க் இரும்ப விட தடிமன், ஸ்டட்டு நீளம் பத்தாம போகும், நட்டும் வேற.

ரெண்டு ரிம்முக்கும் நடுவுல ஒரு தட்டு வச்சு தள்ளிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. டிஸ்க் வீல்ல முகமும் முகமும் நேரா ஒட்டி இறுகறதுலதான் மொத்த பலமும் இருக்கு, நடுவுல தட்டு போட்டா ஸ்டட்டுல நட்டு பிடிக்கிற மரை குறையும், வெளி வீல் ஹப்புல சரியா உக்காராது, அது கழண்டு ஓடுற வரைக்கும் தெரியாது. டிஸ்க்குக்கு பதிலா ஆரம் (ஸ்போக்) வச்ச பழைய வார்ப்பு வீல்ல ரிம்முக்கு நடுவுல ஒரு வளையம் வரும், அது அந்த அமைப்போட பகுதி, அங்க வளையத்தோட அகலத்த பொறுத்துதான் ஸ்பேசிங் அமையும், அத இதோட குழப்பிக்காதீங்க.

திரும்ப மாட்டும்போது டிஸ்க் முகங்கள்ல துரு, பழைய பெயிண்ட் செதில் எல்லாம் வயர் பிரஷ்ல சுத்தமா எடுத்துடுங்க, நடுவுல மாட்டின பெயிண்ட் ஓட்டத்துல நசுங்கி நட்டு தளரும். உள் வீலோட வால்வும் வெளி வீலோட வால்வும் எதிரெதிரா, அரை வட்டம் தள்ளி வர்ற மாதிரி மாட்டுங்க, அப்பதான் உள் டயருக்கு காத்து பாக்க கை போகும். கை போகலன்னா மாசக்கணக்கா யாரும் பாக்க மாட்டாங்க, பழைய மோட்டார்ஹோம்ல உள் டயர் காத்தில்லாம ஓடுறதுக்கு பாதி காரணம் இதுதான். சுத்தியலால தட்டி சத்தத்த வச்சு காத்து பாக்கறதும் வேணாம், கேஜ் வச்சு பாருங்க.

உருண்ட வாய் வச்ச பழைய நட்டு வகையா இருந்தா உள் வீலுக்கு தனி நட்டு, வெளி வீலுக்கு தனி நட்டு, வெளி நட்ட எவ்ளோ இறுக்கினாலும் உள் வீல் இறுகாது. உள்ளத முதல்ல முழு டார்க்ல (நட்டுக்கு சொல்லியிருக்குற இறுக்கத்துல) இறுக்கி அப்புறம் வெளிய மாட்டணும், அந்த வகையில இடது பக்க நட்டு பெரும்பாலும் எதிர் மரை, திசை பாத்து கழட்டுங்க. எந்த வகையா இருந்தாலும் 80-ல இருந்து 160 கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி டார்க் ரெஞ்ச் வச்சு எல்லா நட்டையும் ஒரு தடவ திரும்ப பாருங்க, உருண்ட வாய் வகையில வெளி நட்ட ஒவ்வொண்ணா தளர்த்தி உள் நட்ட பாத்துட்டு திரும்ப இறுக்கணும். அப்படி நிறுத்தும்போதே 20 மி.மீ. பைப்பையும் கையில எடுத்துட்டு போங்க, டயர் சூடா இருக்கும்போது ஒரு தடவ உள்ள விட்டு பாத்துடலாம், காத்து மட்டும் அப்ப இறக்காதீங்க, சூட்டுல கேஜ் அதிகமா காட்டும், ஆறினதும் அந்த அழுத்தம் தானா இறங்கிடும்.